தொண்ணூறு பாகை

பேருந்து மெங்ட்சுன் ஊருக்குள் நுழைந்ததும்
சாலையின் இரு பக்கமும் முழங்கைகள்.
எஃகு முழங்கைகள்.
தண்ணீர் திரும்ப, எண்ணெய் திரும்ப,
எந்தப் பாலைவனத்திலோ எரிவாயு திரும்ப,
மழையில் துருவேறி மலைமலையாய்க் கிடந்தன.
நான் தேடி வந்ததும் முழங்கைதான்.
வேறு ரகம்.

வயது நாற்பத்து நான்கு.
மொண்டெவிடேயோ துறைமுகத்தின் பின்தெருவில்
பத்தொன்பது ஆண்டு மாட்டு விலாவைப் பிரித்தவன்.
மூன்று விமானம், ஒரு ரயில், இந்தப் பேருந்து.
மூங்கில் காட்டிலிருந்து வெண்தாடிக்காரர் ஒருவர்
இறங்கி வருவார் என்று நினைத்தேனா?
நினைத்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது.

மின்சார ஸ்கூட்டரில் வந்தாள்
தின் யூஹான். இருபத்தாறு வயது.
ஆலைச் சீருடை, பையில் கோணமானி.
பகலெல்லாம் குழாய் வளைவுகளை அளப்பவள்
"நில்" என்றாள்.
நான் தொடை நடுங்க அமர்ந்து நிற்க,
கோணமானியை என் முழங்காலில் வைத்தாள்.
சத்தியமாக வைத்தாள்.
"நூற்றுப் பதினெட்டு.
ஆலையில் என்றால் திரும்ப உலைக்கு."

முற்றத்தில் ஓர் இலந்தை மரம்.
அதன் அடியில், செங்கல் தரையில் ஒரு பள்ளம்,
ஒரு பாதம் அளவு.
யார் மிதித்தது என்று நான் கேட்கவில்லை.
அதில் மிதிக்காமல் தள்ளி மிதித்தேன்,
மிதிக்கும்போதெல்லாம் அடுத்த வீட்டுக்காரி
சுவரைத் தட்டினாள்.

ஆட்டுச் சூப் கடை மா ஷோவ்தே
என் கைத் தழும்புகளைப் பார்த்தே தொழிலைச் சொன்னார்.
கத்தியைத் தொடவிடவில்லை.
கூடுதலாக ஓர் அகப்பை ஊற்றினார்.

"பணம் வேண்டாம்," என்றாள் யூஹான்.
"வினைச்சொல் வேண்டும்."
அவள் வளைவுகள் என் கண்டத்துக்குக் கப்பலேறுகின்றன.
கைப்பேசி மொழிபெயர்த்த கடிதத்தில்
"அன்பான முழங்கையே" என்று
யாருக்கோ எழுதிவிட்டாளாம்.
அதிலிருந்து இந்த ஏற்பாடு:
நான் நிற்பேன், அவள் ஒப்பிப்பாள்.
என் கால் தப்பினால் அவள் திருத்துவாள்,
அவள் காலம் தப்பினால் நான்.

எங்கள் மொழியில் 'இரு' என்பதற்கு இரண்டு சொல்.
நீ யார் என்பதற்கு ஸெர்.
இப்போது எப்படி, எங்கே என்பதற்கு எஸ்தார்.
"நான் மெங்ட்சுன்காரி?"
ஸெர்.
"நீ மெங்ட்சுன்னில் இருக்கிறாய்?"
எஸ்தார்.
"உன் கால் நடுங்குகிறது?"
எஸ்தார், எஸ்தார்!
"செத்துப்போயிருக்கிறார்?"
மூச்சு வாங்கியபடி சொன்னேன்:
அதற்கும் எஸ்தார்தான்.
"அப்படியென்றால் சாவு போய்விடுமா?"
இலக்கணத்தில் மட்டும்.
அவள் பார்வை பள்ளத்துக்குப் போய்த் திரும்பியது.
அன்று வேறெதுவும் ஒப்பிக்கவில்லை.
என் முட்டியைக் காலால் தட்டி
இன்னும் இறக்கினாள்.

நவம்பரில் ஆலை அவளை அனுப்பியது,
என் ஊருக்கு, நாற்பது நாள், விற்பனைக்கு.
பெட்டியில் பன்னிரண்டு மாதிரி வளைவுகள்.
விமான நிலையத்தில் அவற்றை ஆயுதம் என்று நிறுத்தினார்களாம்;
பாதி சரிதானே.

நேற்று ஒரு படம் வந்தது.
நான் வேலை பார்த்த கடையின் பளிங்கு மேடையில்
முழங்கையை ஊன்றி நிற்கிறாள்.
பின்னால் என் பழைய கொக்கிகள்.
கீழே இரண்டே சொல்: இங்கே இருக்கிறேன்.
சரியான சொல்லைத்தான் போட்டிருந்தாள்.

அங்கே காலை, இங்கே இரவு ஏழு மணி.
இலந்தைக் கிளையில் அவள் தொங்கவிட்டுப் போன கோணமானி.
அமர்ந்து நின்று, குனிந்து, அளந்தேன்.
தொண்ணூற்றாறு.
தப்பாகவும் இருக்கலாம்:
குனிந்தால் முட்டி எழும்புகிறது,
நிமிர்ந்தால் எண் தெரியவில்லை.

மிதித்தேன்.
சுவர் தட்டப்படும் என்று காத்திருந்தேன்.
தட்டப்படவில்லை.
இன்னொரு முறை,
கொஞ்சம் பலமாக.